புரட்டிப் படுக்க வைக்கும் மெத்தை உண்டா?

கேள்வி: தந்தைக்குக் காற்று மெத்தை வாங்கி இரண்டு மாதமாகிறது. பம்ப் நிற்காமல் ஓடியும் வால் எலும்பின் மேல் தோல் உரிந்துவிட்டது. மெத்தை பழுதா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் மெத்தையின் விலை இரண்டு முறை வருகிறது, தந்தையை எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தீர்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, இரத்த ஓட்டம் தடைபடுவதால் வரும் படுக்கைப் புண் இது. காற்று மெத்தை அந்த அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, ஆளைத் திருப்பிவிடாது. பொதுவாக 2 மணி நேரத்திற்கு ஒருமுறை, முதுகுக்குப் பின் தலையணை அணைத்து, 30 பாகை அளவில் ஒருக்களிக்க வைப்பார்கள். அவருக்கு ஏற்ற இடைவெளியைச் செவிலியரிடம் கேட்டு, புண்ணையும் காட்டுங்கள். பிறகு, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, மெத்தைக்கு அடியில் இடுப்பு அமரும் இடத்தில் கையைச் செருகுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை; பம்ப்பில் வைத்திருக்கும் அழுத்த அளவு அவருடைய எடைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, மேலே மடித்துப் போட்டிருக்கும் விரிப்புகளையும் எடுத்துவிடுங்கள். அதன்பின்னும் மெத்தையில் காற்று தங்காவிட்டால் ரசீதோடு கடைக்குப் போகலாம்.

கேள்வி: புண்ணைக் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு பெரிய புட்டியாக வாங்கலாமா?

பதில்: சிறிய புட்டியும் வேண்டாம். புதிதாக வளரும் திசுவையும் அது சிதைக்கும், சலைன் எனும் கிருமி நீக்கிய உப்பு நீர் போதும்.

கேள்வி: படுக்கைப் புண் வராமலிருக்க, நடுவில் துளையுள்ள வளையத் தலையணையைக் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். என் தாயார் படுக்கையில் விழுந்தபோது நானும் இதே வளையத்தை, ஒன்றுக்கு இரண்டாக, பெருமையோடு வாங்கி வந்தவன். புண் வரும் இடம் துளைக்கு மேல் தொங்குவதால் அழுத்தம் படாது என்ற விளக்கம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள சதையை வட்டமாக அழுத்துவதால், நடுவிலிருக்கும் தோலுக்கு வர வேண்டிய இரத்தமே குறைகிறது. செவிலியர் வழிகாட்டுதல்கள் இதைத் தவிர்க்கச் சொல்லியும், கடைகளில் இது இன்னும் கண்ணில் படும் தட்டில்தான் இருக்கிறது. என் தாயாரின் இடுப்பில் வளைய வடிவிலேயே தடம் பதிந்ததைக் கண்ட செவிலியர் ஒன்றும் பேசாமல் இரண்டையும் எடுத்து அறைக்கு வெளியே வைத்தார். குதிகாலுக்குத் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும் இந்த ரகம்தான். கெண்டைக்காலின் நீளத்திற்குச் சாதாரணத் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் விட்டாலே போதும்.

கேள்வி: சிவந்த இடத்தை எண்ணெய் தடவித் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. உள்ளே நசுங்கிய சதை மேலும் சேதமாகும். கருத்த தோலில் சிவப்பு தெரியாமலும் போகலாம். சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: "ஏழு நாளில் ஆறும்" என்ற களிம்பை நம்பி அம்மாவின் ஆழமான புண்ணுக்கு ஆறு குழாய் வாங்கினேன். ஆறவில்லை. மூடியைத் திறந்துவிட்டதால் பணம் தர மறுக்கிறார்கள். என் முட்டாள்தனம்தானே?

பதில்: இல்லை அம்மா. திறக்காமல் களிம்பு பூசுவது எப்படி என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எலும்புவரை இறங்கிய புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கருத்து இறந்துபோன திசு இருந்தால் அதைப் பயிற்சி பெற்றவர் நீக்காமல் எந்தக் களிம்பும் வேலை செய்யாது. அந்த வாசகம் அச்சிட்ட அட்டைப்பெட்டியையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் செல்லுங்கள். ஏழாவது குழாய்க்குப் பதிலாக, அம்மா உண்ணும் புரதம் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இத்தகைய புண்ணுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும்.