அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லூரி இணையதளத்தில் இருக்கும் குறிப்பை ஆதாரமாக எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது பயிற்சியாளரே கொடுத்த விவரத்தை வைத்து எழுதியது. விக்கிப்பீடியா அதிலிருந்து எடுக்கும், செய்தியாளர் விக்கிப்பீடியாவிலிருந்து எடுப்பார். மூன்று இடத்தில் பார்த்தாலும் ஊற்று ஒன்றுதான்.

பட்டத்தைச் சரிபார்க்கக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகம், அல்லது பல கல்லூரிகள் இந்த வேலையை ஒப்படைத்திருக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ். படித்த காலத்துப் பெயரும் பிறந்த தேதியும் வேண்டும். பெயர் மாறியிருந்தால் பதிவு கிடைக்காமல் போகலாம். அதை வைத்துப் பட்டமே இல்லை என்று முடிவு கட்டாமல் பதிவாளரிடம் நேரில் கேளுங்கள். "அங்கே படித்தாரா?" என்பது தவறான கேள்வி. எந்தப் பட்டம், எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று கேட்க வேண்டும். 2014ல் மன்ஹாட்டன் கல்லூரியின் பயிற்சியாளர் ஸ்டீவ் மசியெல்லோவைச் சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் எடுக்கவிருந்தது. அவர் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் படித்தது உண்மை, ஆனால் பட்டம் முடிக்கவில்லை என்பது சரிபார்ப்பில் தெரிந்து வேலை கைவிட்டுப் போனது. பிறகு படிப்பை முடித்து மன்ஹாட்டனுக்கே திரும்பினார்.

அதிகம் குழப்புவது வெற்றிக் கணக்கு. சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த ஜிம் போஹைம் களத்தில் வென்றது 1116 ஆட்டங்கள். 2015ல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ, விதிமீறலுக்குத் தண்டனையாக 101 வெற்றிகளை நீக்கியதால் அதிகாரபூர்வக் கணக்கு 1015. இப்படி நீக்கப்பட்ட வெற்றி எதிரணிக்குப் போய்ச் சேராது, அவர்கள் தோல்வி தோல்வியாகவே நிற்கும். டியூக் அணி 1994-95ல் 13 வெற்றி, 18 தோல்வி. அதில் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கி கணக்கில் 9-3 (9 வெற்றி, 3 தோல்வி) மட்டுமே. முதுகுப் பிரச்சினையால் அவர் விலகிய பின் நடந்த 4-15 உதவியாளர் பீட் காடெட் பெயரில் இருக்கிறது. ஆகவே அணியின் பருவக் கணக்கைக் கூட்டிப் பயிற்சியாளர் கணக்கு என்று எழுதவே கூடாது. என்சிஏஏவின் பயிற்சியாளர் பதிவேட்டைப் பாருங்கள், பிறகு கல்லூரிவாரியாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். பயிற்சியாளர் ஜான் வுடனுக்கு இண்டியானா ஸ்டேட் கல்லூரியில் 44-15, யூசிஎல்ஏவில் (லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 620-147, மொத்தம் 664-162. இதைவிடப் பெரிய எண் கண்ணில் பட்டால் உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பதவிப் பெயருக்கு அந்தந்தப் பருவத்தில் கல்லூரி செய்தியாளர்களுக்காக வெளியிட்ட ஊடகக் கையேடு போதும். மேற்படிப்பு படித்துக்கொண்டே அணிக்கு உதவும் பட்டமேற்படிப்பு உதவியாளராக இருந்தவர் பின்னாளைய குறிப்பில் உதவிப் பயிற்சியாளர் ஆகிவிடுவது உண்டு. பழைய ஆண்டுகளுக்கு மாணவர் நாளிதழ்த் தொகுப்பும் ஆண்டுமலரும் கைகொடுக்கும்.

"தேசிய சாம்பியன்" என்ற சொல்லை விடாமல் துருவுங்கள். வுடன் மாணவராக ஆடிய பர்டியூ பல்கலைக்கழக அணிக்கு 1932ல் அந்தப் பட்டம் உண்டு, ஆனால் என்சிஏஏ போட்டி தொடங்கியதே 1939ல். அது ஹெல்ம்ஸ் என்ற விளையாட்டு அறக்கட்டளை பின்னாளில் அளித்த பட்டம். அவர் பயிற்சியாளராக வென்ற 10 என்சிஏஏ பட்டங்களோடு அதைச் சேர்த்து 11 என்று எழுதினால் பிழை.