‘வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்ததா, நின்றதா?

கேள்வி: ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் நின்றுவிட்டது என்றுதானே பொருள்? பிறகு ஏன் ‘ஃபயர் அலாரம் கோ ஆஃப் ஆனால் வெளியேறவும்’ என்கிறார்கள்?

பதில்: நிற்கவில்லை, அடித்தது. நின்றதைச் சொல்ல ‘ஸ்டாப்ட்’ என்ற சொல் இருக்கிறது. ‘அலாரம் இஸ் ஆஃப்’ என்றால் அலாரம் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘வென்ட் ஆஃப்’ என்றால் அது அலறியது. ‘மை அலாரம் டிட்ன்ட் கோ ஆஃப்’ என்று ஒருவர் தாமதத்துக்குக் காரணம் சொன்னால், அலாரம் அடிக்கவே இல்லை என்கிறார்.

நமக்கு ‘ஆஃப்’ சுவிட்சோடு சேர்ந்து வந்த சொல். ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ஆஃப் என்றாலே அடங்கியதுதான். ஆங்கிலத்தில் அதன் அடிப்படைப் பொருள் ‘விட்டு விலகி’. துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்: குண்டு குழலை விட்டுப் பாய்கிறது, அதுவும் ‘வென்ட் ஆஃப்’தான். வெடிகுண்டு, பட்டாசு, அலாரம் எல்லாம் இந்த வகை. அடக்கி வைத்திருந்தது விடுபடுகிறது. விளக்கும் கரண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை. அவை ‘வென்ட் ஆஃப்’ ஆனால் நின்றுபோயின. ஆகவே முதலில் எழுவாயைப் பாருங்கள். நேரம் பார்த்துக் காத்திருக்கும் பொருளா, ஓடிக்கொண்டிருக்கும் பொருளா?

‘கோ ஆஃப்’புக்கு உள்ள மற்ற அர்த்தங்களுக்கு நம்முடைய ‘போ’ என்ற துணைவினையே கைகொடுக்கும். பால் கெட்டுப்போச்சு, விளக்கு அணைஞ்சு போச்சு, குழந்தை தூங்கிப்போச்சு, காபி வெறுத்துப்போச்சு. நான்குக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கோ ஆஃப்’ போதும். இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது. அலாரமும் வெடியும் மட்டும் இந்த ‘போ’வுக்குள் அடங்காதவை, நாம் தடுமாறுவதும் சரியாக அங்கேதான். பால் கெட்டதற்கு அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘வென்ட் பேட்’ என்பார்கள்.

சொல்வரிசையில் கவனம் வேண்டும். ‘தி ஃபிஷ் ஹேஸ் கான் ஆஃப்’: மீன் கெட்டுவிட்டது. ‘ஐ ஹேவ் கான் ஆஃப் ஃபிஷ்’: எனக்கு மீனே பிடிக்காமல் போய்விட்டது, மீன்மேல் குற்றமில்லை. இங்கே ‘ஆஃப்’புக்குப் பின்னால்தான் ‘இட்’ வரும்: ‘கான் ஆஃப் இட்’. ‘டர்ன் இட் ஆஃப்’ பழக்கத்தில் ‘கான் இட் ஆஃப்’ என்று எழுதுவது தவறு.

‘வெல்’, ‘ஸ்மூத்லி’ போன்ற சொல் ஒட்டினால் பொருள் மறுபடி மாறும். ‘தி வெட்டிங் வென்ட் ஆஃப் வெல்’ என்றால் கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிந்தது. ‘ஷி வென்ட் ஆஃப் ஆன் ஹிம்’ என்றால் அவனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தாள். இது அமெரிக்கப் பேச்சுவழக்கு, அலுவலகக் கடிதத்தில் எழுத வேண்டாம். ‘கோ ஆஃப் வித்’ வந்தால் ஒன்றைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போவது, அல்லது வீட்டை விட்டு ஒருவரோடு ஓடிப்போவது. எது என்பதை ‘வித்’துக்குப் பின்னால் வருவது குடையா, ஆளா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.