மாத்திரை எடுத்துக் கொடுப்பதில் என்ன மன அழுத்தம்?

கேள்வி: மருந்தாளுநர்களின் மனநலத்தைப் பற்றி இப்போது பலரும் கவலைப்படுகிறார்கள். டாக்டர் எழுதியதைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவர்களுக்கு அப்படி என்ன மன அழுத்தம்? போனால் சிடுசிடுவென்றுதான் பேசுகிறார்கள். ஒரு தியான வகுப்பு வைத்தால் சரியாகிவிடாதா?

பதில்: மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. சீட்டில் கைதவறி 'தினமும்' என்று எழுதப்பட்டு, அதை அப்படியே 'எடுத்துக் கொடுத்தால்' ஆளே போய்விடலாம். அதைக் கவனித்து, டாக்டருக்கு போன் போட்டு, அவருடைய எரிச்சலையும் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற உங்கள் முணுமுணுப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திருத்துகிறவர் மருந்தாளுநர். விபத்து நடக்காததால் அவர் செய்தது யாருக்கும் தெரிவதில்லை. நடந்துவிட்டாலோ முதல் விசாரணை அவரிடம்தான்.

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் தொற்றுக்கு. பெயரின் தொடக்கம் ஒன்றேதான். ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது, ஒருவர் இருமல் மருந்து கேட்கிறார், இன்னொருவர் கவுண்டரில் விரலால் தட்டுகிறார். (தட்டியவர்களில் நானும் உண்டு.) மருந்து வரத்து எங்கோ நின்றுபோனாலும் திட்டு விழுவது கவுண்டரில் நிற்பவருக்கு. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, 'அந்தக் கடைசிச் சீட்டில் சரியான அளவைத்தானே கொடுத்தேன்?' என்று எழுந்து உட்காருவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979 இல் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு. வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை உடைத்துவிடாது. வேலை அதிகமாகவும் அதன்மேல் தன் பிடி குறைவாகவும் இருப்பதுதான் உடைக்கும். மருந்தாளுநருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். எத்தனை சீட்டு வரும், எத்தனை பேர் உதவிக்கு இருப்பார்கள், சாப்பாட்டுக்கு எப்போது கடையை மூடலாம், எதுவும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. பொறுப்பு மட்டும் முழுக்க அவருடையது.

அப்புறம், அந்தச் சிடுசிடுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தன் திறமை குறைந்துவிட்டதாக உணர்வது. நீங்கள் கவுண்டரில் பார்த்தது அந்த இரண்டாவதாக இருக்கலாம். பிறவிக் குணம் என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பதிப்பு இதை நோய் என்றும் சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. பணியிடத்தை விட்டுவிட்டு ஆளைத் திருத்தப் பார்ப்பது எந்த ஊர் வைத்தியம்?

2023 இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பல கிளைகள் கொண்ட மருந்துக் கடைகளின் மருந்தாளுநர்கள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். முக்கியமான புகார், போதிய ஆட்கள் இல்லை என்பதுதான். தியான வகுப்பு கேட்டதாக நான் படிக்கவில்லை.

சரி, வகுப்பு வைப்போம். நல்லதுதான். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் கடையில் யார் நிற்பது? அதையும் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.