டேபிள் சா: காடியிலிருந்து தொடங்குங்கள்

டேபிள் சா என்பது மேசையின் நடுவே வட்ட பிளேடு எழும்பி நின்று மரம் அறுக்கும் மெஷின். இந்த முறை அதைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை வெட்டு சுத்தமாக வராததைப் பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் ஒன்று: கீழே சொல்லியிருக்கும் எந்தச் சோதனையைச் செய்வதானாலும் முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு பிளேடில் கை வைக்காதீர்கள்.

புது பிளேடு மாட்டியும் பலகையின் ஓரம் கருகுகிறது. பிளேடு மட்டமானதா, சார்?

பிளேடைக் குறை சொல்லும் முன், கருகல் எந்தத் துண்டில் வருகிறது என்று பாருங்கள். பலகையை ஒட்டித் தள்ளும் நீளமான வழிகாட்டிச் சட்டம்தான் ஃபென்ஸ். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் போகும் துண்டு கருகினால், ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பலகை போகப் போக இடம் குறுகும். பின்பக்கப் பற்கள் ஏற்கெனவே வெட்டிய ஓரத்தை மறுபடி தேய்க்கும். எதிர்ப்பக்கம் விழும் துண்டு கருகினால், ஃபென்ஸின் பின்முனை அளவுக்கு மேல் விலகியிருக்கலாம்.

நானும் இப்படிக் கருகுகிறதென்று ஒரு பிளேடை மாற்றியிருக்கிறேன். புதியதும் அதே இடத்தில் கருகியது. அன்றிலிருந்து முதலில் அளந்து பார்க்கிறேன், அப்புறம்தான் பிளேடைப் பற்றி யோசிப்பது.

இரண்டு ஓரமும் சமமாகக் கருகினால் கதை வேறு. பல் மழுங்கியிருக்கலாம், பிசின் படிந்திருக்கலாம், நீங்கள் மெதுவாகத் தள்ளலாம், அல்லது நார் வாட்டத்தில் கிழிக்க 80 பல் பிளேடைப் போட்டிருக்கலாம். 10 அங்குல பிளேடில், நீளவாக்கில் கிழிக்க 24 பல் போதும். பல் கூடினால் மரத்தூள் வெளியேற இடமில்லாமல் சூடு ஏறும்.

பிளேடு நேராக இருக்கிறதா என்று பார்க்க, நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் டயல் கேஜ் என்னிடம் இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு. மேசையில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் மைட்டர் காடிதான், அதாவது பிளேடுக்குப் பக்கத்தில் மேசையில் நீளவாக்கில் ஓடும் பள்ளம். அதை நகர்த்த முடியாது. அதனால் முதலில் பிளேடை காடிக்கு இணையாக வையுங்கள், பிறகு ஃபென்ஸை அதே காடிக்கு. பலர் ஃபென்ஸை பிளேடுக்கு ஒட்டி அளந்து சரிசெய்கிறார்கள். பிளேடே கோணலாக இருந்தால் அந்த உழைப்பு வீண். ஃபென்ஸை வைத்துக் கிழிக்கும்போது சரியாக இருப்பதுபோலத் தெரியும். காடிக்குள் நகர்ந்து பலகையைத் தள்ளும் மைட்டர் கேஜை வைத்துக் குறுக்கே வெட்டியதும் பிளேடு பின்னால் தேய்க்க ஆரம்பிக்கும்.

செய்முறை: ஒரு மரச்சட்டத்தை மைட்டர் கேஜில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் முனையில் ஒரு ஸ்க்ரூவைப் பாதி ஏற்றுங்கள். கேஜ் காடிக்குள் ஆடினால் முதலில் அந்த ஆட்டத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எடுக்கும் அளவெல்லாம் பொய். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, ஸ்க்ரூவின் தலை அதை மெல்ல உரசும்வரை திருகுங்கள். பிளேடைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் 'சிக், சிக்' என்று சன்னமாகக் கேட்கும். இப்போது அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி, கேஜையும் பின்னால் தள்ளி மறுபடி அசையுங்கள். அதே சத்தம் வந்தால் சரி. சத்தமே இல்லை என்றால் அங்கே இடைவெளி. சத்தம் கனத்தாலோ பல் இடித்து நின்றாலோ பிளேடு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இரண்டு இடத்திலும் ஒரே பல்லில் பார்க்க வேண்டும். வேறு வேறு பல்லில் பார்த்தால் பிளேடின் நெளிவும் சேர்ந்து அளவைக் கெடுக்கும்.

இடைவெளி எவ்வளவு என்று தெரிய ஒரு சாதாரணத் தாளைச் செருகிப் பாருங்கள். அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளுக்குள் அடங்கினால் நல்ல நிலை. இரண்டு மூன்று தாள் போனால் சரிசெய்தே ஆக வேண்டும்.

பெரிய கேபினெட் வகை மெஷினில் மேசையைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் மூன்றைத் தளர்த்தி, ஒரு மரத்துண்டை வைத்துக் கொட்டாப்புளியால் மேசையை மெல்லத் தட்டுங்கள். சிறிய மெஷின் பலவற்றில் பிளேடைத் தாங்கும் அமைப்பு மேசைக்கு அடியிலேயே பூட்டியிருக்கும். அங்கே அதை நகர்த்த வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது அளவு மாறும், அதனால் இறுக்கியபின் மறுபடி பாருங்கள். மூன்று நான்கு தடவை ஆகும், பொறுமை வேண்டும்.

பிளைவுட்டின் அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பெயர்கிறது.

டேபிள் சாவில் பல் மேலிருந்து கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு இறங்கும். தாங்க ஆளில்லாத அடிப்பக்கம் பெயரும். அதனால் நல்ல முகத்தை மேலே வையுங்கள். பிளேடைச் சுற்றி மேசையில் அகலமான இடைவெளி இருந்தால், பிளேடே தனக்கு வேண்டிய அளவு வழி வெட்டிக்கொண்ட புதுத் தகடு ஒன்றைச் செய்து போடுங்கள். என்னைக் கேட்டால், இதைவிட பலன் தரும் மாற்றம் வேறில்லை. 60 முதல் 80 பல் பிளேடு, வெட்டும் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப், இரண்டும் உதவும்.

மேல் முகமும் பெயர்கிறதா? அப்படியானால் பின்பக்கப் பற்கள் மேலே எழும்போது மரத்தைத் தொடுகின்றன. முந்தைய பதிலுக்குப் போங்கள்.

மூலைமட்டம் வைத்தால் 90 டிகிரி காட்டுகிறது. ஆனால் பெட்டி செய்தால் மூலையில் இடைவெளி விழுகிறதே?

மூலைமட்டத்தைப் பல்லில் படாமல் பிளேடின் தட்டையான உடம்பில் வைத்தீர்களா? பல் உடம்பைவிட வெளியே துருத்தியிருக்கும். அது சரியென்றால், அகலமான துண்டு ஒன்றை செங்குத்தாக நிறுத்தி வெட்டி, ஒரு பாதியைத் திருப்பி மற்றதோடு சேருங்கள். பிழை இரட்டிப்பாகத் தெரியும்.

மைட்டர் கேஜுக்கு ஐந்து வெட்டுச் சோதனை. ஏறக்குறைய சதுரமான பலகையை எடுத்து, ஒரு ஓரம் வெட்டி, வெட்டிய ஓரத்தை கேஜில் பதித்து அடுத்ததை வெட்டுங்கள். நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஐந்தாவதாக முதல் ஓரத்தில் மறுபடி ஒரு கீற்று எடுங்கள். கீற்றின் இரு முனை அகலத்தையும் அளங்கள். 400 மில்லிமீட்டர் நீளக் கீற்றில் 0.8 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், நான்கால் வகுத்தால் 0.2. உங்கள் உண்மையான பிழை அவ்வளவுதான்.

பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டு மூடாமல் காக்கும் தகடான ரிவிங் நைஃப் இடைஞ்சலாக இருக்கிறது. கழற்றிவிடலாமா?

வேண்டாம். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். வெட்டு மூடிப் பின்பல் பலகையைக் கவ்வினால் அது உங்கள் மேல்தான் வரும். இடைஞ்சல் தருகிறதென்றால் அது பிளேடோடு ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது தடிமன் பொருந்தவில்லை. பிளேடின் உடம்பைவிடத் தடித்ததாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெலிந்ததாகவும் இருக்க வேண்டும்.

நேர் வெட்டு நன்றாக இருக்கிறது. 45 டிகிரி சாய்த்தால் மட்டும் கருகுகிறது.

நிமிர்ந்த நிலையில் தெரியாத பிழை சாய்க்கும்போது வெளிவருகிறது. மேசையும், பிளேடு சாயும் அச்சும் முன்பின்னாக ஒரே மட்டத்தில் இல்லை. மேசையின் முன்பக்க அல்லது பின்பக்க போல்ட்டுகளுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து, 45 டிகிரியிலேயே ஸ்க்ரூவை வைத்து முன்னும் பின்னும் உரசிப் பாருங்கள். எந்தப் பக்கம் கொடுத்தால் சரியாகிறது என்று அதிலேயே தெரியும். முடிந்ததும் பிளேடை நிமிர்த்தி, நேர் நிலையிலும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். தகடு கொடுக்கும்போது மேசை கொஞ்சம் திரும்பியிருக்கும்.