ஆமைக் குட்டியின் ஓட்டில் மேடு தட்டுவது ஏன்?

கேள்வி: ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குட்டி ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில், சூடேற்றும் விளக்கின் கீழ் வளர்க்கிறோம். தொட்டி ஏசி அறையில் இருக்கிறது. நாள் தவறாமல் கால்சியம் பொடி தூவியே கீரை கொடுத்தும், ஓட்டின் கட்டங்கள் ஒவ்வொன்றும் கூம்பாக உயர்ந்து வருகின்றன. உணவில் என்ன குறை?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உணவைவிட, தொட்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். ஓட்டின் கட்டங்கள் நம் நகத்தில் உள்ள கெரட்டினால் ஆனவை. அவற்றின் அடியில் எலும்பு இருக்கிறது. இரு கட்டங்கள் சேரும் இடத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வளரும் குட்டியானால் அங்கே வெளிறிய மெல்லிய கோடு ஒன்று தெரியும். புதிய கெரட்டின் உருவாவது அந்தக் கோட்டில்தான். அது உருவாகும்போதே காய்ந்து இறுகிவிட்டால் பக்கவாட்டில் சீராக விரிய முடியாமல் போய், ஒவ்வொரு கட்டமும் மேல்நோக்கி மேடிடுகிறது. ஆஸ்திரியாவில் 50 சல்கேட்டா குட்டிகளை வைத்து நடத்தி 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வறண்ட சூழலில் வளர்ந்தவற்றுக்கே மேடு அதிகமாக இருந்தது. உணவிலுள்ள புரதத்தின் பங்கு சிறிதாகவே இருந்தது.

சகாராவின் தென்விளிம்பைச் சேர்ந்த விலங்காயிற்றே, வறட்சிதானே அதற்கு இயல்பு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அங்கே அது பகல் வெயிலுக்கு ஒதுங்கும் வளைக்குள் மண்ணின் ஈரம் இருக்கிறது. சென்னையின் வெளிக்காற்றிலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் தாராளமாக உண்டு. அதை ஏசியும் விளக்கும் சேர்ந்து உறிஞ்சிவிடுகின்றன என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

தொட்டியை ஏசி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பிழிந்து நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, பாதியாக உடைந்த மண்பானையை அதன்மேல் கவிழ்த்து வைத்தால், குட்டி அதற்குள் புகுந்து ஈரத்தில் உறங்கும். ஈரப்பதமானி ஒன்றைத் தரையை ஒட்டி வைத்து, 80 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவில், 15 முதல் 20 நிமிடம் குட்டியை ஊற விடுங்கள். ஈரத்தோடு குளிர் சேர்ந்தால் நுரையீரலில் தொற்று வரும் என்பதால், மார்கழி இரவுகளிலும் தொட்டியின் வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

கால்சியத்தை நிறுத்திவிடாதீர்கள். அது குறைந்தால் ஓடு மென்மையாகி அமுங்கும். அது வேறொரு நோய். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கான புறஊதாக் கதிர்களைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால், காலை வெயிலில் மொட்டை மாடியில், ஒதுங்க நிழல் வைத்து, ஆள் கூடவே இருந்து சிறிது நேரம் விடுங்கள். அருகம்புல்லே முதன்மையான உணவாக இருக்கட்டும். செம்பருத்தி இலை, முருங்கைக்கீரை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றை இடையிடையே சேர்க்கலாம். சோறு, ரொட்டி, நாய்த்தீனி ஆகியவை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆமைக்கு ஏற்கெனவே மேடு தட்டிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் மேடு அமுங்குமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அமுங்காது. எண்ணெயில் தூசியும் அழுக்கும் ஒட்டுமே தவிர, வேறு பலன் இல்லை. உயர்ந்துவிட்ட பகுதி அப்படியேதான் இருக்கும். ஆனால் மேலே சொன்னபடி ஈரத்தை இன்றே சரிசெய்தால், இனி வளரும் வளையங்கள் தட்டையாக வரும். ஓடு அமுங்கினாலோ, பின்னங்கால்களை இழுத்து நடந்தாலோ காத்திருக்காமல் வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த ஆமை என்று நீங்கள் எழுதவில்லை. அது நட்சத்திர ஆமையானால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். சல்கேட்டாவானால், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.