அழுத்தினால் செல்லின் கதவு எப்படித் திறக்கிறது?

கேள்வி இதுதான்: உடல் செல்லைத் தொட்டால், அதன் சவ்வில் உள்ள அயனிக் கால்வாயை (அயனிகள் கடந்துசெல்லும் புரதத் துளையை) உண்மையில் திறப்பது எது?

விசை பட்டால் திறக்கும் பியெசோ1 என்ற கால்வாயை எடுத்துக்கொள்வோம். அறிவியலாளர் ஆர்டெம் பட்டாபூட்டியனின் குழு 2010-இல் இதைக் கண்டறிந்தது. 2021 நோபல் பரிசுக்கு அடிப்படையான வேலைகளில் ஒன்று. ஒரே மாதிரியான மூன்று புரதங்கள் சேர்ந்து மூன்று இறக்கை மின்விசிறி போல நிற்கும். ஒவ்வொன்றும் சவ்வை 38 முறை ஊடுருவுகிறது. இறக்கைகள் வளைந்திருப்பதால் சுற்றியுள்ள சவ்வும் கிண்ணம் போலக் குழிகிறது. சவ்வு இழுபட்டால் கிண்ணம் தட்டையாகும், நடுத்துளை திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். விசை நீடித்தாலும் சில பத்து மில்லிநொடிகளில் ஓட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பலர் சறுக்கும் இடம்: கால்வாய் உணர்வது அழுத்தத்தை அல்ல, சவ்வின் இழுவிசையை. இழுவிசை = அழுத்தம் × வளைவு ஆரம் ÷ 2. அதனால் சோதனையில் சவ்வின் ஒரு சிறு பகுதியை நுண்ணிய கண்ணாடிக் குழலின் முனையில் ஒட்டவைத்து −30 மி.மீ. பாதரச உறிஞ்சல் கொடுத்தாலும், குழல் முனையின் அளவு மாறினால் விடையும் மாறும். வெறும் உறிஞ்சல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது வீண்.

இன்னொன்று, சவ்வு கண்ணாடியில் ஒட்டுவதாலேயே கொஞ்சம் இழுவிசை வந்துவிடும். உறிஞ்சுமுன்பே கால்வாய்களில் ஒரு பகுதி செயலிழந்திருக்கும். முதலில் +5 மி.மீ. பாதரச அழுத்தம் கொடுத்துத் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.

கால்வாயைத் தடுப்பதற்குக் கடோலினியம் என்ற உலோகத்தின் அயனியைப் போடுகிறீர்களா? கரைசலில் பாஸ்பேட்டோ பைகார்பனேட்டோ இருந்தால் அது வீழ்படிவாகிவிடும். "மருந்து வேலை செய்யவில்லை" என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். தவிர, அது மற்ற கால்வாய்களையும் அடைக்கும். பியெசோதான் என்று நிறுவ மரபணுவை நீக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி.