ஸ்டீயரிங்கே இல்லாத ரயிலை கம்ப்யூட்டர்ல ஓட்டுறதுல அப்படி என்ன இருக்கு?

"தண்டவாளம் போற பக்கம் தானே ரயில் போகப்போகுது, ஒரு கீயை அமுக்கிட்டு உக்காந்திருக்கறதுல என்ன விளையாட்டு இருக்கு, ஒருவேளை ஆரம்பிக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்"னு கேட்டிருக்கீங்க.

ரயிலை யார் வேணா கிளப்பிடலாங்க, நிறுத்துறதுக்குத்தான் ஆள் வேணும். இரும்பு சக்கரம் இரும்பு தண்டவாளத்து மேல உருளுது, உராய்வு ரொம்ப கம்மி, அதனாலதான் ரெண்டு மூணு இன்ஜின் பல ஆயிரம் டன்னை இழுத்துட்டு போகுது, அதே காரணத்தாலதான் அது லேசுல நிக்காது. கண்ணுக்கு சிவப்பு தெரிஞ்ச பிறகு பிரேக் போட்டா நேரம் கடந்துடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி என்ன வரப்போகுது, அங்க ஏத்தமா இறக்கமா, இப்ப வண்டி எவ்வளவு வெயிட்டு, இதெல்லாம் தலைக்குள்ள ஓடிட்டே இருக்கணும். ஸ்டீயரிங் இல்லங்கறதால மொத்த கவனமும் வேகத்து மேலயே நிக்குது, அதுதான் இந்த விளையாட்டு.

நான் பெரும்பாலும் ஓட்டுறது ஓபன் ரெயில்ஸ்ங்கற ரயில் சிமுலேட்டர். இலவசம், ஓபன் சோர்ஸ். 2001ல மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் வந்துச்சு இல்லையா, அதுக்குன்னு உலகம் பூரா ரசிகர்கள் பண்ணி வச்ச ரூட்டும் இன்ஜினும் பெட்டியும் ஏகப்பட்டது இருக்கு, அதையெல்லாம் அப்படியே எடுத்து ஓட்டுற மாதிரி எழுதினதுதான் இது, ஆனா உள்ள இருக்கற பிசிக்ஸ் புதுசு, அந்த பழைய கேம்ல இருந்ததை விட எவ்வளவோ மேல.

அந்த பழைய கேமோட ஆறு ரூட் வந்துச்சு, அதுல ஒண்ணு அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்து மரியாஸ் பாஸ். 5,213 அடி உயரத்துல ராக்கி மலையை தாண்டுற ஒரு கணவாய், 1889 டிசம்பர் குளிர்ல ஜான் ஸ்டீவன்ஸ்ங்கற இன்ஜினியர் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக தேடிப்போய் கண்டுபிடிச்ச வழி, இன்னைக்கும் பிஎன்எஸ்எஃப் கம்பெனியோட சரக்கு ரயில் அதுலதான் போகுது. மேற்குப் பக்கம் எசெக்ஸ்ங்கற ஊர்ல இருந்து உச்சி வரைக்கும் சரிவு 1.8 சதவீதம், அதாவது 1000 அடி போனா 18 அடி ஏறும். கார்ல போனா இப்படி ஒரு ஏத்தம் இருக்கறதே தெரியாது. 100 வேகன்ல தானியம் ஏத்தின வண்டின்னா 10,000 டன்னை தாண்டிடும், அதுக்கு இது மலை. எசெக்ஸ்ல பின்னாடி தள்ளுறதுக்குன்னே ஹெல்ப்பர் இன்ஜின் நிக்கும்.

ஏறும்போது கவலை சக்கரம் வழுக்கறது, பிடிப்புக்கு தண்டவாளத்துல மணல் போட்டு போட்டு எட்டாவது நாட்ச்ல, அதாவது த்ராட்டிலோட கடைசி படியில, முனகிக்கிட்டே போகலாம். கிளம்புறப்பவும் நாட்சை ஒண்ணு ஒண்ணா ஏத்தணும், பெட்டிகளை இணைக்கிற கப்ளிங் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அது முன்ன இருந்து பின்ன வரைக்கும் இழுபட்டு முடியறதுக்குள்ள அவசரப்பட்டா கப்ளிங் பிஞ்சுடும்.

இறங்கறதுதான் விஷயம். இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா எனக்கு இந்த பொழுதுபோக்கு மேல இவ்ளோ பிரியம் வந்ததே இதனாலதான்.

ரயில் முழுக்க ஒரு காத்துக்குழாய் ஓடுது, பிரேக் பைப். அமெரிக்க சரக்கு ரயில்ல அதுல 90 பிஎஸ்ஐ அழுத்தம் வச்சிருப்பாங்க. ஒவ்வொரு வேகன் அடியிலயும் ஒரு காத்து டேங்க் இருக்கும், அந்த குழாய்லேருந்துதான் அது நிரம்பும். டிரைவர் குழாய்ல அழுத்தத்தை குறைச்சா, வேகன்ல இருக்கற வால்வு அதை உணர்ந்து டேங்க் காத்தை பிரேக் சிலிண்டருக்கு அனுப்பும், பிரேக் பிடிக்கும். வண்டி நடுவுல அறுந்து குழாய் பிஞ்சாலும் அழுத்தம் போயிடும், தானா பிரேக் விழும். 1870கள்ல ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டு வந்த ஐடியா இது, இன்னைக்கு நம்ம ஊர் ரயில் உட்பட எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை.

இப்ப சிக்கல் எங்கன்னா, அமெரிக்க சரக்கு வண்டியில பிரேக்கை பாதி மட்டும் தளர்த்த முடியாது. விட்டா முழுசா விட்டுடும். விட்ட பிறகு டேங்க் எல்லாம் திரும்ப நிரம்ப நிமிஷக்கணக்கா ஆகும், கடைசி வேகன் ஒரு மைல் தள்ளி இருக்குங்க. அந்த நேரத்துல வண்டி சரிவுல வேகம் பிடிக்குது, நீங்க மறுபடி பிரேக் போடுறீங்க, ஆனா டேங்க்ல முன்ன இருந்த காத்து இல்ல, பிடிப்பு கம்மி. திரும்ப விட்டு திரும்ப போட்டா இன்னும் கம்மி. இப்படி ரெண்டு மூணு தடவை ஆச்சுன்னா கைப்பிடி கையில இருக்கும், பிரேக் இருக்காது.

அதனால சரியான வழி, உச்சியை தாண்டுறதுக்கு முன்னாடியே வேகத்தை குறைச்சிட்டு, டைனமிக் பிரேக்கை ஏத்தி, அதாவது மோட்டாரையே ஜெனரேட்டரா மாத்தி அந்த கரண்டை இன்ஜின் மேல இருக்கற கம்பிச்சுருள்ல சூடா எரிச்சுட்டு, அது மேல காத்து பிரேக்கை ஏழெட்டு பிஎஸ்ஐ மட்டும் குறைச்சு அப்படியே பிடிச்சு வச்சுக்கணும், வேகத்துல வர சின்ன ஏத்த இறக்கத்தை டைனமிக்கால சரி பண்ணிக்கணும். எசெக்ஸ் வரைக்கும் வேகம் காட்டுற முள்ளு அசையாம இறக்கிட்டு போற சுகம் இருக்கே, எந்த ரேஸ் கேம்லயும் அது எனக்கு கிடைச்சதில்ல.

இதோட இன்னொரு விஷயம். 2013 ஜூலைல கனடாவுல லாக்-மெகான்டிக்ங்கற ஊர்ல கச்சா எண்ணெய் ரயில் ஒண்ணு ஆளில்லாம உருண்டு வந்து தடம்புரண்டு வெடிச்சு 47 பேர் செத்துப்போனாங்க. நியூஸ்ல பார்த்தப்ப ஆளே இல்லாத ரயில் எப்படி ஓடும்னு எனக்கு விளங்கல. சிமுலேட்டர்ல காத்து பிரேக் பழகின பிறகு அந்த விசாரணை அறிக்கையை படிச்சேன், ஒவ்வொரு வரியும் புரிஞ்சுது. சரிவுல வண்டியை நிறுத்தி டிரைவர் ஓய்வுக்கு போயிட்டார், இன்ஜின் ஒண்ணு தீப்பிடிச்சது, அணைக்க வந்தவங்க இன்ஜினை ஆஃப் பண்ணாங்க, கம்ப்ரஸர் நின்னுச்சு, காத்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சுது, கையால முறுக்கி வச்சிருந்த ஹேண்ட் பிரேக் ஏழுதான், அது பத்தல. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு ஏழு பிரேக் போதும்னு தோணும். ரயிலோட வெயிட்டை ஒரு தடவை உணர்ந்தவங்களுக்கு தோணாது.

சரி, நம்ம ஊர் வண்டி. இந்திய ரசிகர்கள் டபிள்யூடிஎம்-3ஏ, டபிள்யூஏபி-4, டபிள்யூஏபி-7 இன்ஜின் எல்லாம் ஓபன் ரெயில்ஸ்ல ஓடற மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க, ஈரோடு ஷெட், அரக்கோணம் ஷெட் பேர் எழுதினது கூட கிடைக்கும், ஹாரன் சத்தம் கேட்டா உடம்பு சிலிர்க்கும். நம்ம பாசஞ்சர் ரயில்ல பிரேக் பைப் 5 கிலோ அழுத்தம், கூடவே டேங்கை நிரப்ப தனியா 6 கிலோ ஃபீட் பைப். பெட்டியில இருக்கற வால்வும் வேற மாதிரி, அதனால பிரேக்கை படிப்படியா தளர்த்தலாம். லோகோ பைலட்டுங்க ஏ-நைன்னு சொல்ற கைப்பிடி மொத்த வண்டிக்கும், எஸ்ஏ-நைன் இன்ஜினுக்கு மட்டும். ஸ்டேஷன்ல நிறுத்தும்போது முன்னாடியே ஒரு பிடி போட்டு, வேகம் குறைய குறைய தளர்த்திட்டே வந்து, நிக்கிற நொடியில பிரேக் கிட்டத்தட்ட விட்டிருக்கணும், அப்பதான் அப்பர் பெர்த்ல தூங்கறவர் முழிக்க மாட்டார். டபுள் எல்லோ சிக்னல் வந்தா அடுத்தது எல்லோ, அதுக்கடுத்தது சிவப்பா இருக்கலாம். நிஜத்துல லோகோ பைலட்டும் அசிஸ்டென்டும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருத்தருக்கொருத்தர் கைகாட்டி சத்தமா சொல்லிக்குவாங்க. நான் தனியா ஓட்டுறப்பவும் வாய்விட்டு சொல்றேன், சொன்னா கவனம் சிதறாது, அதுக்குத்தான் அந்த விதியே.

சட்டதிட்டத்தோட கறாரா ஓட்டணும்னு ஆசை இருந்தா ஜெர்மன் ரூட் எடுங்க. ட்ரெயின் சிம் வேர்ல்டு காசு குடுத்து வாங்கறது, பார்க்க அழகு; சூசி 3ங்கற இன்னொரு சிமுலேட்டர் பார்க்க சாதாரணம், ஆனா ஜெர்மன் சிக்னல் முறை அதுல அவ்வளவு கச்சிதம். பிசெட்பின்னு ஒரு பாதுகாப்பு முறை இருக்கு, முன்னறிவிப்பு சிக்னல் மஞ்சளா இருந்தா தாண்டின 4 செகண்டுக்குள்ள "பார்த்துட்டேன்"னு பட்டன் அமுக்கணும், வேகமான ரயில்னா 23 செகண்டுக்குள்ள 85 கிலோமீட்டருக்கு கீழ வந்திருக்கணும், இல்லன்னா அதுவே எமர்ஜென்சி பிரேக் போட்டு நிறுத்திடும். சலுகையே கிடையாது.

ஆரம்பிக்கறவங்க காசு செலவழிக்க வேணாம், ஓபன் ரெயில்ஸ் போதும், சாதாரண லேப்டாப்லயே ஓடும், அவங்க சைட்லயே இலவச ரூட் சிலது இருக்கு. ஆப்ஷன்ஸ்ல எளிய கன்ட்ரோல்னு இருக்கறதை எடுத்துடுங்க, அதை வச்சுக்கிட்டு ஓட்டினா நீங்க கேட்ட மாதிரி போர் தான் அடிக்கும். டி, ஏ ரெண்டும் த்ராட்டில் ஏத்த இறக்க, எக்ஸ் மணல். எஃப்4 அமுக்கினா வர சிக்னலும் வேக வரம்பும் தெரியும், எஃப்5ல பிரேக் பைப் அழுத்தம் தெரியும். முதல்ல ரெண்டையும் திறந்து வச்சுக்கிட்டு, பெட்டி கம்மியான பாசஞ்சர் வண்டியா எடுத்து, ஒரே ரூட்டை திரும்பத் திரும்ப ஓட்டுங்க. எந்த வளைவுக்கு அப்புறம் இறக்கம், எந்த ஸ்டேஷனுக்கு எங்க பிரேக் போடணும்னு பழகினதும் எஃப்4ஐ மூடிடுங்க. சரக்கு வண்டியும் மரியாஸ் பாஸும் அதுக்கப்புறம்.